குமரியில் ஈகியூ மவுண்ட்: துருவ நட்சத்திரம் தெரியாமல் எப்படி நிறுத்துவது?

தக்கலை_மட்டுப்பா:
கையில் இருப்பது 114/900 நியூட்டோனியன் தொலைநோக்கி (114 மி.மீ. அகலக் குழிஆடி, 900 மி.மீ. குவியத்தூரம்), ஈகியூ1 மவுண்ட் (ஓர் அச்சை வான் துருவத்தை நோக்கி வைத்து, வானம் சுழல்வதைத் தொடரும் தாங்கி), 25 மி.மீ., 10 மி.மீ. ஐபீஸ்கள் (கண் வைக்கும் வில்லைகள்), 3 மடங்கு பார்லோ (உருப்பெருக்கத்தைக் கூட்டும் வில்லை). துருவ நட்சத்திரத்தை நோக்கி அச்சை வைக்கச் சொல்கிறது கையேடு. இங்கே வடக்கே தென்னையும் மலையும்தான் தெரிகின்றன. அட்சரேகை அளவை 8க்கு இறக்கினால் எடைக்கல் ஸ்டாண்டின் காலில் முட்டுகிறது. ஃபைண்டரில் (குழல்மேல் உள்ள குறிபார்க்கும் கருவியில்) நடுவில் நிற்கும் நட்சத்திரம் ஐபீஸில் வருவதே இல்லை. பார்லோ போட்டால் வியாழன் மங்கலான உருண்டையாகிவிடுகிறது. எங்கிருந்து சரிசெய்ய ஆரம்பிக்கலாம்?

தெற்குவானம்:
முதலில் மவுண்ட். துருவ நட்சத்திரம் ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். நமக்கு அது 8 டிகிரி, அடிவானத்துப் புகைமூட்டத்துக்குள். அந்தக் கையேடு 35, 40 டிகிரியில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. எனவே துருவ நட்சத்திரத்தைத் தேடுவதை விட்டுவிடுங்கள்.

திசைக்குக் காம்பஸ் போதும். காந்த வடக்கும் உண்மை வடக்கும் நம் பகுதியில் சுமார் 2 டிகிரிக்குள்தான் விலகும். ஆனால் இரும்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முள் ஏமாற்றும். நாலடி தள்ளி நின்று பார்த்து, மட்டுப்பாவில் (மொட்டை மாடியில்) சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இன்னும் துல்லியம் வேண்டுமானால் நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, உச்சிப்பொழுதில் விழும் நிழலைக் குறியுங்கள். நம் உச்சிப்பொழுது 12 மணிக்கு வராது. இந்திய நேரத்துக்கு அடிப்படை 82.5 டிகிரி தீர்க்கரேகை, நாம் 77.4. அதனால் சராசரியாக 12.20. பிப்ரவரி நடுவில் 12.34 வரை போகும், நவம்பர் தொடக்கத்தில் 12.04. ஏப்ரல் 11ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் நிழலே விழாது, அப்போது இந்த வழி உதவாது.

எடைக்கல் முட்டுவதற்குக் காரணம், கையேட்டில் உள்ளபடி ஒரு காலை வடக்கே வைத்திருப்பதுதான். ஸ்டாண்டைத் திருப்பி, இரண்டு கால்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி வடக்கே வரும்படி வையுங்கள். கல் அந்த இடைவெளியில் இறங்கிப் போகும். அப்படியும் இடித்தால் அளவை 20இல் நிறுத்திவிட்டு, வடக்குப் பக்கத்து இரண்டு கால்களையும் குட்டையாக்குங்கள். கால் நுனிகளுக்கு இடையே 80 செ.மீ. விரிவு இருந்தால், 15 செ.மீ. இறக்கும்போது 12 டிகிரி சாயும். மிச்சம் 8. ஆனால் பாரம் வடக்கே சாய்ந்திருக்கும், காற்று நாளில் இந்த வேலை வேண்டாம். ஆரல்வாய்மொழிப் பக்கத்துக்காரர்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை நினைக்கவே கூடாது.

கண்ணால் பார்க்க மட்டும் என்றால் 3 டிகிரி பிழைகூடப் பெரிதல்ல. 90 மடங்கில், அச்சைத் திருகிக்கொண்டே பார்த்தால், நடுவில் வைத்த கோள் விளிம்புக்கு விலக 20 நிமிடம் ஆகும். திருகாமல் விட்டால் ஒரு நிமிடத்திலேயே விளிம்புக்குப் போய்விடும்.

ஆடி_வில்லை:
மவுண்டைத் தெற்குவானம் சொல்லிவிட்டார், மற்ற இரண்டையும் நான் சொல்கிறேன்.

ஃபைண்டரை இராத்திரியில் சரிசெய்ய முயலாதீர்கள். பகலில், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள செல்போன் டவர் நுனியை 25 மி.மீ. ஐபீஸில் நடுவுக்குக் கொண்டுவந்து அச்சுகளைப் பூட்டுங்கள். பிறகு ஃபைண்டர் திருகுகளைத் திருகி அதே நுனியைக் குறிக்குள் கொண்டுவாருங்கள். அடுத்து 10 மி.மீ. போட்டு இன்னொரு தடவை. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை வைத்துச் செய்தால், கிட்டத்தில் இருப்பதால் ஃபைண்டருக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளியே பிழையாகிவிடும். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் குழலைத் திருப்பக் கூடாது. ஐபீஸில் திருகும் குட்டி சன் ஃபில்டர் பெட்டியில் இருந்தால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். சூட்டில் அது விரிசல் விட்டால் கண் போய்விடும்.

பார்லோ: 900ஐ 10ஆல் வகுத்தால் 90 மடங்கு. 3 மடங்கு பார்லோ சேர்ந்தால் 270. 114 மி.மீ. ஆடிக்கு உச்சமே 228தான், அதுவும் காற்று அசையாத இராத்திரியில். வியாழன் 40 கோணவிநாடி (ஒரு டிகிரியில் 3600 கோணவிநாடி) அகலம் இருக்கும்போது 90 மடங்கில் ஒரு டிகிரியாகத் தெரியும், அதாவது வெறுங்கண் முழுநிலவைப் போல இரண்டு மடங்கு அகலம். பட்டைகளையும் நான்கு நிலாக்களையும் பார்க்க அது தாராளம். பார்லோவை எடுத்து வைத்துவிடுங்கள்.

90 மடங்கிலும் கொதிக்கிற மாதிரி ஆடினால் குற்றவாளி மட்டுப்பா. பகலெல்லாம் குடித்த சூட்டைக் கான்கிரீட் இராத்திரி பத்து மணி வரை கக்கும். மண் முற்றம் இருந்தால் அங்கே இறக்குங்கள். ஏசி அறையில் வைத்திருந்து நேராக வெளியே எடுத்தால் ஆடி முழுக்க வியர்த்துவிடும், அதனால் சாதாரண அறையிலேயே வையுங்கள்.

தக்கலை_மட்டுப்பா:
ரொம்ப நன்றி அண்ணே, இரண்டு பேருக்கும். வடக்குதான் இல்லை, தெற்கிலாவது என்ன பார்க்கலாம்? கடற்கரைக்கே கொண்டுபோனால் நல்லதா?

தெற்குவானம்:
தெற்குதான் நம் சொத்து! காவலூர் வைனு பாப்பு வானாய்வகத்தைவிட நாம் நாலரை டிகிரி தெற்கே இருக்கிறோம். டெல்லியில் 14 டிகிரிக்கு மேல் ஏறாத ஒமேகா சென்டாரி கோளக் கொத்து (உருண்டையாகக் குவிந்த நட்சத்திரக் கூட்டம்) இங்கே 34 டிகிரி ஏறும். அதைப் பிடிக்க எளிய வழி: சித்திரை நட்சத்திரம் தெற்கு–வடக்குக் கோட்டில் உச்சத்தில் நிற்கும்போது, கையை நீட்டி அதிலிருந்து நேர் கீழே மூன்றரை முஷ்டி இறங்குங்கள். மே நடுவில் அது இராத்திரி பத்தேகால் மணிக்கு. 36 மடங்கில் (25 மி.மீ. ஐபீஸ்) பஞ்சு உருண்டையாகத் தெரியும், 90இல் ஓரங்கள் ரவை மாதிரி உதிரும். ஏப்ரல் தொடக்கத்தில் அதே நேரத்துக்குக் கரீனா நெபுலா என்ற வாயு மேகம், 22 டிகிரி உயரத்தில். அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம்தான் இவற்றுக்கு.

கடல் ஓரத்தில் மணலில் வைக்கவே வேண்டாம். உப்புத் துளி ஆடியின் அலுமினியப் பூச்சைத் தின்றுவிடும். இரண்டு கிலோமீட்டராவது உள்ளே நில்லுங்கள், ஊர் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் வரட்டும். நாகர்கோவிலிலிருந்து வருபவர்களுக்கு இராஜாக்கமங்கலம் போகும் வழி அப்படிப்பட்டது. கன்னியாகுமரி ஊருக்குள் விளக்கு அதிகம்.

ஆடி_வில்லை:
ஒன்று சேர்க்கிறேன். பார்த்து முடித்ததும் ஈரத்தோடு மூடி போடாதீர்கள், நம் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிப்பது அப்படித்தான். வீட்டுக்குள் வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து ஒரு மணி நேரம் உலர விட்டு, பிறகு மூடுங்கள். ஐபீஸ்களை சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். ஆடியில் தூசி தெரிந்தாலும் துணியால் துடைக்கக் கூடாது.