என்சிசியா, ஜேஆர்சியா? ஸ்கூல்ல இருந்தவங்க சொல்லுங்க

கரூர் அப்பா: பையன் எட்டாவது போறான். என்சிசி (தேசிய மாணவர் படை), ஜேஆர்சி (இளம் செஞ்சிலுவைச் சங்கம்) ரெண்டுல எதுல சேர்றதுன்னு குழப்பம். உங்க அனுபவம் எப்படி?

திருச்சிக்காரன்: என்சிசியில சேத்து விடுங்க. ஆனா பரேடுக்கு முந்தின ராத்திரி வீடே பரபரக்கும். பெல்ட் பக்கிளுக்கு பிராசோ போட்டுத் தேய்க்கணும், ஷூவுல முகம் தெரியணும், காக்கிக்குக் கஞ்சி போட்டு அயர்ன் பண்ணணும். எங்க வீட்ல இதெல்லாம் அம்மா வேலை. என்சிசியில தந்த ‘ஏ’ சர்ட்டிஃபிகேட்ல பேரு மட்டும் என்னுது.

கேம்ப்ல பாயிண்ட் டூ டூ ரைஃபிள் கொடுத்தாங்க. குப்புறப் படுத்து, கட்டையைத் தோளோட அழுத்தி, மூச்சை அடக்கிச் சுடணும். நடுப்புள்ளியில ஒண்ணுகூடப் படல. ஹவில்தார் அட்டையை வாங்கி, அஞ்சு ஓட்டையும் ஒண்ணுக்கொண்ணு நெருக்கமா இருக்கான்னுதான் பாத்தார். “தள்ளி விழுந்தா பரவால்ல தம்பி, குறி பாக்குற சைட்டைத் திருத்திக்கலாம். சிதறினாத்தான் கஷ்டம்”னாரு.

மேலூர் தாத்தா: கமாண்ட் இந்தியிலதானே? 1968ல அண்ணா ஆட்சியில அது வேண்டாம்னு சட்டசபையிலயே தீர்மானம் போட்டாங்களே.

திருச்சிக்காரன்: எங்க காலத்துல திரும்ப வந்துடுச்சு ஐயா. சாவ்தான், விஷ்ராம், பீச்சே முட். பாதிப் பேரு பக்கத்துல நிக்கிறவன் காலைப் பாத்துத்தான் திரும்புவோம்.

மதுரைப் பொண்ணு: நான் பிளஸ் ஒன்ல என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்). ஏழு நாள் கேம்ப், பக்கத்து கிராமம், ராத்திரி தங்கல் பஞ்சாயத்து ஸ்கூல்ல. ஊருணிக்கரையில சீமைக்கருவேலம் வெட்டினோம். முள்ளு செருப்பைத் துளைச்சு ஏறும். முதல் நாள் திண்ணையில உக்காந்து வேடிக்கை பாத்த ஒரு பாட்டி, “அடியில வெட்டி என்னத்தா, வேரோட பிடுங்கலைன்னா ஆடிக்குள்ள தளிர்த்துரும்”னு சொல்லிட்டு, வீட்டுக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துட்டு வந்துட்டாங்க. மறுநாள்லருந்து அவங்கதான் எங்களுக்கு ஆபீசர். மதியம் ஒரு குடம் நீச்சத்தண்ணி, கூடவே சின்ன வெங்காயம்.

ஒரு விஷயம் அண்ணே. மன்றம் நெசமாவே நடக்குதான்னு விசாரிங்க. என் தம்பி ஸ்கூல்ல ஜேஆர்சிக்குக் காசு வாங்குவாங்க, பேட்ஜ் தருவாங்க, அதோட சரி. எங்களுக்கு வாய்ச்ச டீச்சர் எங்களோடயே பாய் விரிச்சுப் படுத்தாங்க.

கரூர் அப்பா: விசாரிச்சேன் தங்கச்சி. இங்க பி.டி. மாஸ்டர்தான் என்சிசியும் பாக்குறாராம். அடுத்த வாரம் ஓட விட்டு ஆள் எடுப்பாங்களாம். காலையில எழுப்பணும், அதுதான் பிரச்சினை.