பிரேக் பேட் மாற்றிய பிறகு ஸ்டியரிங் நடுங்குகிறது, உதவுங்கள்

மலைப்பாதை · ஞாயிறு இரவு 8:52
வணக்கம். என்னுடையது பழைய எஸ்யூவி. நேற்று வீட்டிலேயே முன் சக்கரங்களுக்குப் புது பிரேக் பேட் போட்டேன். இன்று ஓட்டிப் பார்த்தால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை, அப்படி நடுங்குகிறது. பேட் நல்ல தரமானதுதான். தவறாகப் பொருத்தியிருப்பேனா? வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு நெடும்பயணம் கிளம்ப வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

நான்காம்கியர் · 9:05
எந்த ஆண்டு வண்டி, எவ்வளவு தூரம் ஓடியது, டீசலா பெட்ரோலா, எதுவுமே இல்லையே. பிரேக்கை அழுத்தும்போது மட்டும் நடுங்குகிறதா, காலை எடுத்த பிறகும் நடுங்குகிறதா? எந்த வேகத்தில் தொடங்குகிறது? ஸ்டியரிங்கில் மட்டுமா, இருக்கையிலும் தெரிகிறதா? ஸ்டியரிங்கில் வந்தால் பெரும்பாலும் முன்பக்கம், இருக்கை அதிர்ந்தால் பின்பக்கம். இதற்கெல்லாம் பதில் வராதவரை யார் என்ன சொன்னாலும் ஊகம்தான்.

செம்மண்தடம் · 9:11
டிஸ்க் (பேட் கவ்விப் பிடிக்கும் வட்டத் தட்டு) வளைந்துவிட்டது. எனக்கும் இதேதான் வந்தது, இரண்டு டிஸ்க்கையும் மாற்றியதும் போய்விட்டது. பேட் மாற்றும்போதே டிஸ்க்கையும் மாற்றிவிட வேண்டும், அதுதான் முறை.

மழைப்பயணி · 9:20
பழைய வண்டி என்றால், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு முனையையும் சஸ்பென்ஷன் மூட்டான பால் ஜாயின்டையும் பார்க்காமல் வேறு எதற்கும் செலவு செய்யாதீர்கள். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் டை ராடு. மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். ஐந்து நிமிட வேலை. ஜாக்கை மட்டும் நம்பாமல் சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

பழையஇரும்பு · 9:48
தம்பி, வீடியோ பார்த்துவிட்டு பிரேக்கில் கை வைக்கக் கூடாது. வார இறுதியில் பழகுவதற்கு வண்டியில் எத்தனையோ வேலைகள் இருக்கின்றன. ஏர் ஃபில்டர் மாற்றுங்கள், வைப்பர் ரப்பர் மாற்றுங்கள், பாட்டரி முனைகளைச் சுத்தம் செய்யுங்கள். பிரேக் என்பது உயிர். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தீர்களா? வழிந்து பெயின்ட்டில் பட்டிருந்தால் இந்நேரம் பெயின்ட் உரிந்திருக்கும். பேட்டை அழுத்தும் காலிப்பரின் ஸ்லைடு பின் என்றால் என்னவென்றாவது தெரியுமா? நாளைக் காலையில் நல்ல மெக்கானிக்கிடம் வண்டியை விடுங்கள். இங்கே கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நான்காம்கியர் · 9:55
ஐயா, அவர் கேட்டது நடுக்கத்தைப் பற்றி. சொந்தக் கையால் பேட் மாற்றக் கற்றுக்கொள்வது தவறான ஆசை அல்ல. தெரிந்தவர்கள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் அடுத்த முறை இன்னும் நன்றாகச் செய்வார். விரட்டிவிட்டால் அதே வேலையை யாரிடமும் கேட்காமல் செய்வார், அதுதான் ஆபத்து.

மலைப்பாதை · 10:14
பதில்களுக்கு நன்றி. 2008 வண்டி, டீசல், நான்கு சக்கர இயக்கம் உண்டு, 1,80,000 கி.மீ. ஓடியிருக்கிறது. 70 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் தொடங்குகிறது, பிரேக் அழுத்தினால் கூடுகிறது. ஸ்டியரிங்கில்தான் தெரிகிறது. ஆட்டிப் பார்த்தேன், எந்த ஆட்டமும் இல்லை. காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்களைக் கழற்றித் துடைத்து, அதற்கான கிரீஸ் போட்டேன் ஐயா. கிளம்பும் முன் பெடலையும் பலமுறை அழுத்திப் பார்த்தேன், கெட்டியாக இருக்கிறது. பிரேக்கில் வேறு எதையும் தொடவில்லை.

செம்மண்தடம் · 10:20
பிரேக் அழுத்தினால் கூடுகிறது என்று அவரே சொல்லிவிட்டார். டிஸ்க் வளைவுதான். சூடாக இருக்கும்போது தண்ணீரில் இறக்கியிருப்பார்.

நான்காம்கியர் · 10:31
டிஸ்க் வார்ப்பிரும்பு. சாதாரண ஓட்டத்தில் அது அப்பளம் போல் வளைந்துவிடுவதில்லை. நாம் வளைவு என்று சொல்வது பெரும்பாலும் தடிமன் வேறுபாடு. டிஸ்க்கின் ஒரு இடம் மற்ற இடத்தைவிட ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு தடித்திருந்தாலே பேட் அந்த இடத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் பிடிமானம் மாறும், அதிர்வு கைக்கு வரும். பேட்டின் பொருள் ஒரே இடத்தில் படிந்தாலும் அப்படித்தான். மைக்ரோமீட்டரால் சுற்றிலும் ஏழெட்டு இடங்களில் அளந்தால் தெரிந்துவிடும். அளக்காமல் டிஸ்க் வாங்கச் சொல்வது சரியல்ல. மேலும், அவருக்குப் பிரேக் போடாமலும் நடுங்குகிறது. அதை டிஸ்க் விளக்காது.

செம்மண்தடம் · 10:36
பெயர் எதுவானால் என்ன? மாற்றினேன், சரியானது. எனக்கு அனுபவம்தான் பேசுகிறது.

பழையஇரும்பு · 10:44
மைக்ரோமீட்டர் வைத்திருப்பவர் யார் வீட்டில் இருக்கிறார்? டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சீவினால் முடிந்தது. நாங்கள் காலம் காலமாக அப்படித்தான் செய்கிறோம்.

நான்காம்கியர் · 10:52
சீவலாம், ஆனால் டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். 1,80,000 கி.மீ. ஓடிய வண்டியில் ஏற்கெனவே அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால் சீவுவதற்கு மிச்சமே இருக்காது. அதற்கும் அளக்கத்தான் வேண்டும்.

அச்சாணி · திங்கள் காலை 6:15
மலைப்பாதை, "பிரேக்கில்" வேறு எதையும் தொடவில்லை என்கிறீர்கள். பிரேக்கைத் தவிர, அன்று வேறு ஏதாவது செய்தீர்களா? சக்கரம், டயர், நட்டு, ஸ்பேசர்? சக்கரம் கழற்றாமல் பேட் மாற்ற முடியாது. திரும்ப மாட்டியது அதே சக்கரம்தானா?

மலைப்பாதை · 7:02
அதே நாளில் அலாய் சக்கரமும் போட்டேன். நண்பர் ஒருவர் தன் வண்டியிலிருந்து கழற்றி வைத்திருந்தது, டயரோடு கொடுத்தார். ஐந்து துளைகளும் அப்படியே பொருந்தின, பழைய நட்டுகளையே போட்டு இறுக்கினேன். பிரேக் அழுத்தும்போது கூடுவதால் அதை இங்கே குறிப்பிடவில்லை. இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா?

அச்சாணி · 7:40
இருக்கிறது. இந்த விஷயம் முடியும்வரை தயவுசெய்து அந்த வண்டியை ஓட்டாதீர்கள், பக்கத்துத் தெருவுக்குக்கூட. காரணத்தைச் சொல்கிறேன்.

இரும்புச் சக்கரத்துக்கான நட்டின் முனை பொதுவாகக் கூம்பாக இருக்கும். துளையும் அதற்கேற்பக் குழிந்திருக்கும். இறுக இறுக, சக்கரத்தை நடுவுக்கு இழுத்து நிறுத்துவது அந்தக் கூம்புதான். அலாய் சக்கரங்கள் எல்லாம் அப்படி இல்லை. சிலவற்றில் கூம்புக் குழி, சிலவற்றில் உருண்டைக் குழி, சிலவற்றில் துளையைச் சுற்றித் தட்டையான தளம். தட்டைத் தளம் உள்ளதற்கு வாஷரோடு சேர்ந்த, நீண்ட கழுத்துள்ள நட்டு வேண்டும். அங்கே கூம்பு நட்டைப் போட்டால் துளையின் விளிம்பில் மட்டும் மெல்லிய வளையமாகப் பிடிக்கும். அலுமினியம் இரும்பைவிட மென்மையானது. அந்த விளிம்பு நசுங்க நசுங்க இறுக்கம் குறையும், நட்டு தளரும், அந்த நட்டு ஏறும் போல்ட்டான ஸ்டட் முறியும். ஓடும் வண்டியிலிருந்து சக்கரம் பிரிந்துபோவது இப்படித்தான் தொடங்குகிறது.

ஒரு நட்டைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கூம்பு முழுவதும் சீராகப் பட்டிருந்தால் அகலமான மங்கிய பட்டை தெரியும். பொருந்தாத நட்டு என்றால் கூம்பின் நடுவே ஒரே ஒரு பளபளப்பான கோடு சுற்றி வந்திருக்கும். துளையின் உள்விளிம்பில் விரலை வைத்துத் தடவினால் சாம்பல் நிறப் பொடி ஒட்டும். இரண்டில் எது தெரிந்தாலும் அந்த நட்டுகளோடு வண்டி நகரக் கூடாது.

அடுத்தது நடுத்துளை. சக்கரத்தின் நடுத்துளை, சக்கரம் மாட்டப்படும் சுழலும் மையப் பகுதியான ஹப்பின் மேட்டில் சிக்கென்று உட்கார வேண்டும். வேறு வண்டியின் சக்கரம் என்றால் துளை பெரிதாக இருக்கலாம். தட்டை நட்டு சக்கரத்தை மையப்படுத்தாது, ஹப்தான் அதைச் செய்ய வேண்டும். இடைவெளி இருந்தால் சக்கரம் ஒரு பக்கமாக உட்கார்ந்து சுற்றும், 70-க்கு மேல் நடுங்கும். அந்த இடைவெளியை நிரப்ப அளவெடுத்து ஹப் ரிங் போட வேண்டும். நடுத்துளை சிறியதாக இருந்தால் சக்கரம் ஹப்பின் முகத்தில் படியவே படியாது, அது இன்னும் மோசம்.

மூன்றாவது, ஹப்பின் முகம். இந்த வயது வண்டியில் அங்கே துரு மேடு கட்டியிருக்கும். பழைய சக்கரம் அந்த மேட்டோடு பழகிவிட்டது, புதுச் சக்கரம் அதன்மேல் சாய்ந்து உட்காரும். உங்கள் வண்டியில் டிஸ்க்கை ஹப்போடு சேர்த்துப் பிடிப்பதும் அந்த வீல் நட்டுகள்தானா என்று பாருங்கள். ஆம் என்றால் சக்கரம் கோணலாக இறுகும்போது டிஸ்க்கும் சேர்ந்து சாயும். பிரேக்கில் நடுக்கம் கூடுவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். கம்பித் தூரிகையால் பளிச்சென்று தேய்த்து, துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

கடைசியாக, நட்டு எத்தனை சுற்று ஏறுகிறது என்று கையால் திருகி எண்ணுங்கள். அலாய் சக்கரம் தடிமன் அதிகம், பழைய நட்டுக்குப் போதிய புரி கிடைக்காமல் போகும். ஸ்டட்டின் விட்டத்துக்குச் சமமான நீளமாவது நட்டு ஏற வேண்டும். 12 மி.மீ. ஸ்டட்டில் புரி இடைவெளி 1.5 மி.மீ. என்றால் எட்டுச் சுற்று.

பழையஇரும்பு · 8:10
நட்டு வகை சரி, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இறுக்கும் முறையைச் சொல்லவில்லையே. ஸ்டட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, ஸ்பேனரில் நீளக் குழாய் மாட்டி ஏறி மிதித்தால் எந்த நட்டும் தளராது.

நான்காம்கியர் · 8:22
ஐயா, இதை மட்டும் பின்பற்ற வேண்டாம் என்று புதியவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். கையேட்டில் கொடுத்திருக்கும் முறுக்கு விசை பெரும்பாலும் சுத்தமான, காய்ந்த புரிக்கானது. நாம் போடும் விசையில் பெரும்பகுதி உராய்வுக்கே போகிறது, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுத்துப் பிடிக்கிறது. கிரீஸ் தடவினால் உராய்வு குறைந்து அதே விசையில் ஸ்டட் பல மடங்கு கூடுதலாக இழுபடலாம். மேலே ஏறி மிதித்தால் நீண்டுபோகும். அன்று முறியாது, வேறொரு நாள் முறியும்.

பழையஇரும்பு · 8:30
"பல மடங்கு" என்பது மிகை. என் கையில் ஒரு ஸ்டட் கூட முறிந்ததில்லை. கிரீஸ் இல்லாவிட்டால் துருப்பிடித்து, பஞ்சராகும் நாளில் நட்டு கழலாது. நடுக்காட்டில் நின்று பார்த்தவனுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

நான்காம்கியர் · 8:41
"பல மடங்கு" அதிகப்படிதான், "கணிசமாக" என்று கொள்ளுங்கள். துருவுக்கு வழி இருக்கிறது. புரியைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்துவிட்டு, ஹப்பின் முகத்தில் மட்டும் மிக மெல்லிய கிரீஸ் பூச்சு கொடுக்கலாம். புரியிலும் நட்டின் கூம்பிலும் படக் கூடாது.

மழைப்பயணி · 8:50
இரண்டு பேரும் தனியாக ஓர் இழை தொடங்கிப் பேசலாமே. அவர் வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும்.

அச்சாணி · 9:15
இறுக்கும் முறை: சக்கரம் தரையைத் தொடாத நிலையில் எல்லா நட்டையும் கையால் திருகி, ஒன்று விட்டு ஒன்றாக நட்சத்திர வரிசையில் லேசாக இறுக்குங்கள். பிறகு வண்டியை இறக்கி, அதே வரிசையில், முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் இரண்டு கட்டமாக முழு இறுக்கம் கொடுங்கள். 12 மி.மீ. ஸ்டட் உள்ள பல வண்டிகளில் 100 முதல் 120 நியூட்டன் மீட்டர், 14 மி.மீ. என்றால் அதைவிடக் கூடுதல். உங்கள் கையேட்டில் இருக்கும் எண்தான் முடிவானது. 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

நட்டு கிடைக்கத் தாமதமானால் பழைய இரும்புச் சக்கரத்தையே மாட்டி ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் போய்விட்டால் குற்றவாளி யார் என்று ஒரு பைசா செலவில்லாமல் தெரிந்துவிடும்.

ஓரச்சாலை · பிற்பகல் 1:33
மன்னிக்கவும், இதே மாதிரி என் வண்டியில் பின்பக்கம் மேடு பள்ளத்தில் 'டொக்' என்று சத்தம் வருகிறது. ஷாக் அப்சார்பர் புதிதுதான். என்னவாக இருக்கும்?

மழைப்பயணி · 2:05
லீஃப் ஸ்பிரிங்கா, காயில் ஸ்பிரிங்கா? லீஃப் என்றால் ஷேக்கிள் புஷ், காயில் என்றால் ட்ரெயிலிங் ஆர்ம் புஷ். விவரங்களோடு தனி இழை போடுங்கள், வருகிறேன்.

செம்மண்தடம் · மாலை 6:40
சக்கரம் மாற்றியதை முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். இருந்தாலும் டிஸ்க்கை ஒரு முறை அளந்துவிடுங்கள்.

மலைப்பாதை · புதன் இரவு 9:27
சக்கரத்தில் தட்டைத் தளம், என்னிடம் இருந்தது கூம்பு நட்டு. அச்சாணி சொன்ன அதே பளபளப்புக் கோடு. இடது பக்கம் இரண்டு நட்டு கையாலேயே சுழன்றன. இப்போதைக்குப் பழைய இரும்புச் சக்கரத்தை மாட்டிவிட்டேன், ஹப்பைத் தேய்த்துவிட்டேன். ஓடும்போது நடுக்கம் அறவே இல்லை. 80-லிருந்து பிரேக் அழுத்தினால் மட்டும் லேசாகத் தெரிகிறது. எல்லோருக்கும் நன்றி.

அச்சாணி · 9:50
நல்லது. தளர்ந்த நட்டுகள் இருந்த பக்கத்தில் ஸ்டட்டுகளின் புரியை நன்றாகப் பாருங்கள். ஒன்று நசுங்கியிருந்தாலும், அல்லது நட்டு கையால் ஏறும்போது சிக்கினாலும், கிளம்பும் முன் அந்த ஸ்டட்டை மாற்றுங்கள். புது பேட் இன்னும் டிஸ்க்கோடு பொருந்திப் பழகியிருக்காது. காலியான சாலையில் 60-லிருந்து 10 வரை மிதமாக பிரேக் போட்டு வேகத்தைக் குறையுங்கள், ஆறவிட்டு மறுபடி. பத்து முறை போதும். இடையில் முழுவதுமாக நின்று பெடலை அழுத்திப் பிடிக்காதீர்கள். அதற்குப் பிறகும் நடுக்கம் இருந்தால் டிஸ்க்தான்.

செம்மண்தடம் · 10:02
நான் சொன்னேனே.

நான்காம்கியர் · 10:08
அளந்த பிறகு பேசலாம். மலைப்பாதை, டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு, அளந்தால் எவ்வளவு வருகிறது?

நான்காம்கியர் · வெள்ளி காலை 7:30
ஸ்டட் பார்த்தீர்களா?