“யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று ஒரு சிறுமிக்குச் சத்தியம் செய்துவிட்டேன். சட்டம் சொல்லச் சொல்கிறது

கோத்தகிரி களப்பணியாளர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லைன்களில் (தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில்) வளரிளம் பெண்களுக்கான திட்டம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாகச் சமூகப் பணியாளராக இருக்கிறேன். கடந்த சனிக்கிழமை மாலை, பச்சைத் தேயிலை எடை போட்டு முடிந்து பெண்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது, 16 வயதுப் பெண் ஒருத்தி தண்ணீர்க் குழாயடியில் என்னைத் தனியே அழைத்தாள். “அக்கா, ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க” என்றாள். ஸ்வெட்டரின் கைநுனியை இழுத்து இழுத்து விரல்களை அதற்குள் மறைத்துக்கொண்டு அவள் நின்றதைப் பார்த்ததும், யோசிக்காமல் சத்தியம் செய்துவிட்டேன்.

இரண்டு மாதமாக அவளுக்கு மாதவிலக்கு வரவில்லை. பக்கத்து எஸ்டேட்டில் வேலை செய்யும் 21 வயது இளைஞரை விரும்புவதாகச் சொல்கிறாள். தாய்க்கு விஷயம் தெரியும். இரு வீட்டாரும் பேசி, அடுத்த மாதம் கோயிலில் தாலி கட்டிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். எங்கள் நிறுவனத்தில் எனக்கு மேலே இருப்பவரோ, “குடும்பமே பேசி முடித்துவிட்டது, நாம் போலீசுக்குப் போனால் இனி எந்த லைனிலும் நம்மை உள்ளே விட மாட்டார்கள்” என்கிறார். அதிலும் உண்மை இருக்கிறது. கொடுத்த வாக்கை மீறினால் அவள் மட்டுமல்ல, அவளைப் போன்ற மற்றவர்களும் இனி வாய் திறக்க மாட்டார்கள். மீறாவிட்டால் நான் சட்டத்தை மீறியவளாவேன். எதைச் செய்வது?

(பெண்ணின் பள்ளியைப் பற்றிய வரி பின்னர் நீக்கப்பட்டது.)

கூடலூர் மூத்த பணியாளர்:

சகோதரி, உங்கள் தவறு சத்தியத்தை மீறப் போவதில் இல்லை, கேட்பதற்கு முன்பே அதைக் கொடுத்ததில் இருக்கிறது. இதைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நானும் அதையே செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு விஷயத்தில் 11 நாட்கள் தயங்கிவிட்டு, பிறகு பயந்துபோய், அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் காவல் நிலையத்தில் தகவல் கொடுத்தேன். ஜீப் லைனுக்குள் நுழைந்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது. “நீங்கதானா சொன்னீங்க?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவுமே பேசவில்லை. தகவல் கொடுத்ததற்காக நான் இன்றும் வருந்தவில்லை. அவளுக்குத் தெரியாமல் கொடுத்ததற்காகத்தான் வருந்துகிறேன்.

ஆகவே முதலில் அவளிடம் போங்கள். “அவசரப்பட்டுச் சத்தியம் பண்ணிட்டேன், அதை என்னால காப்பாத்த முடியாது, ஏன்னு சொல்றேன்” என்று நேராகச் சொல்லுங்கள். எங்கே போவோம், யார் என்ன கேட்பார்கள், நீங்கள் எதுவரை கூட இருப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இப்போதெல்லாம் நான் எந்தக் குழந்தையிடமும் பேச்சைத் தொடங்கும்போதே, “நீ சொல்றதை ஊர்ல பேச மாட்டேன், ஆனா உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா உதவி பண்றவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும்” என்று சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டுச் சிலர் எழுந்து போய்விடுவதும் உண்டு. பெரும்பாலும் திரும்பி வருகிறார்கள்.

உதகை வழக்கறிஞர்:

முதலில் ஒரு வேண்டுகோள்: அவள் படிக்கும் பள்ளியைப் பற்றி எழுதியிருக்கும் வரியை உடனே நீக்கிவிடுங்கள். பெயர், முகவரி மட்டுமின்றிக் குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி ஆகியவற்றைக்கூட ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்று, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கிறது.

2012ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் சம்மதம் சம்மதமாகாது. குற்றம் நடந்தது தெரிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும்கூட, சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. நடந்த குற்றத்தைத் தெரிவிக்கத் தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இந்தக் கடமை உங்களுடையது. மேலே இருப்பவரிடம் சொல்லிவிட்டேன் என்பதால் அது தீராது. வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொல்வதற்குச் சாட்சியச் சட்டம் தரும் பாதுகாப்பு சமூகப் பணியாளருக்கு இல்லை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்குத் தொடர முடியாது என்பதும் அதே 19ஆம் பிரிவில் இருக்கிறது.

தாலி கட்டிவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு இடமே இல்லை. 18 வயது நிறையாத மனைவியோடு உறவு கொள்வதும் பாலியல் வன்முறைதான் என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் தீர்ப்பளித்தது. அந்தத் திருமணம் 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி இன்னொரு வழக்காகும். நடத்தி வைப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மாவட்டச் சமூக நல அலுவலரிடம் சொன்னால், நீதித்துறை நடுவரிடம் தடையாணை பெற்று நிறுத்தலாம்.

பந்தலூர் செவிலியர்:

சட்டத்தை மறுக்கவில்லை. ஆனால் ‘கேஸ் ஆகிவிடும்’ என்ற பயத்தில் ஐந்தாம், ஆறாம் மாதம்வரை வீட்டிலேயே மறைத்து வைக்கப்பட்டு, உடலில் இரத்தமே இல்லாமல் எங்களிடம் வந்து சேர்ந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த இளைஞர் சிறை சென்றால் குழந்தையோடு தனியே நிற்கப்போவதும் அவள்தான். அதனால் காவல் நிலையம் ஒரு பக்கம் இருக்கட்டும், மருத்துவமனையைத் தள்ளிப்போடாதீர்கள். அவசர சிகிச்சைக்குக் காவல்துறைக் கடிதமோ வேறு ஆவணமோ கொண்டு வாருங்கள் என்று எந்த மருத்துவரும் கேட்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் சொல்கின்றன.

கருக்கலைப்பா இல்லையா என்பதை அவளும் பெற்றோரும் மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். நாம் எந்தப் பக்கமும் தள்ளக் கூடாது. கருக்கலைப்பை நாடும் சிறுமியும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தரும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் குறிப்பிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று கூறியிருக்கிறது. அந்த வழி உங்களுக்கும் திறந்திருக்காதா?

உதகை வழக்கறிஞர்:

அம்மா, அந்தத் தீர்ப்பு பதிவு பெற்ற மருத்துவருக்கு, கருக்கலைப்புச் சட்டத்தின் எல்லைக்குள் தரப்பட்ட விலக்கு. சமூகப் பணியாளர் அதன் நிழலில் ஒதுங்க முடியாது. மற்றபடி நீங்கள் சொல்லும் கவலை நியாயமானது. மலையில் ஒரு நாள் உதகைக்கு வந்து போவதென்றால் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போகும். அதற்காகவே நீங்கள் சொன்ன அந்தப் போக்சோ விதிகளில் உணவு, உடை, போக்குவரத்துக்கான உடனடி உதவித்தொகை இருக்கிறது. குழந்தைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் மாவட்ட அமைப்பான குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் தர வேண்டும். கேட்காவிட்டால் கிடைப்பது அரிது, கேட்டு வாங்குங்கள்.

கோத்தகிரி களப்பணியாளர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று முன்தினம் அவர்கள் வீட்டுக்குப் போய், தாயின் முன்னிலையில், வாக்கைக் காப்பாற்ற முடியாது என்பதைச் சொன்னேன். தாய் சத்தம் போட்டார். அவள் அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு வெகுநேரம் பேசவில்லை. நான் எழுந்து செருப்பை மாட்டும்போதுதான், “ஸ்டேஷனுக்கு நான் வரணுமா?” என்று கேட்டாள். குழந்தை இருக்கும் இடத்துக்கே வந்து, சீருடை இல்லாமல், கூடியவரை பெண் அலுவலரே வாக்குமூலம் பதிய வேண்டும் என்று 24ஆம் பிரிவில் இருப்பதைச் சொன்னேன்.

நேற்று எழுத்து மூலம் தகவல் கொடுத்துவிட்டு, பதிவு எண்ணையும் வாங்கிக்கொண்டேன். மேலே இருப்பவருக்கும் கடிதமாகவே தெரிவித்துவிட்டேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. இன்று பெண் உதவி ஆய்வாளர் சேலையில்தான் வந்தார். வியாழக்கிழமை மருத்துவப் பரிசோதனையும் குழந்தைகள் நலக் குழுவும் இருப்பதால், காலை முதல் பேருந்தில் நாங்கள் மூவரும் உதகைக்குப் போகிறோம். வழக்கு முடியும்வரை உடனிருக்கும் ஆதரவு நபராக என்னை நியமிக்க அவளுக்குச் சம்மதமா என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.