மறு: 'அழற்சி ஏவல்' சரியா?

> அழற்சிச் செல்கள் புற்றுச் செல்லை வளரவைப்பதால் 'அழற்சி ஏவல்' எனலாமே.

வணக்கம் ஐயா,

கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கட்டி பற்றி நோயாளியின் வீட்டாருக்குக் கொடுக்கும் தாளில், inflammatory signalling என்பதற்கு நீங்கள் சொல்லும் 'அழற்சி ஏவல்' இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் எங்கள் இராமநாதபுரம் கடலோரத்தில் ஏவல் என்றால் பில்லி, சூனியத்தோடு சேர்த்துச் சொல்லும் ஏவல்தான். மூளைக் கட்டி பலருக்கு வலிப்பாகவோ குணமாற்றமாகவோதான் முதலில் தெரியும். "யாரோ ஏவி விட்டுட்டாங்க" என்று வீட்டார் மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். ஸ்கேன் தள்ளிப்போகிறது. இப்படி ஏவல் நீங்க வேண்டிக் கூட்டிவரும் எங்கள் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலக் காப்பகம் ஒன்று எரிந்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் அவர்களால் தப்ப முடியவில்லை. அந்த மண்ணில், மருத்துவத் தாளிலேயே ஏவல் என்று அச்சிட்டுக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அறிவியலும் இடிக்கிறது. ஏவல் ஒருவழி. கிளியோபிளாஸ்டோமாவில் நடப்பது இருவழி. புற்றுச் செல் சிஎஸ்எஃப்-1 போன்ற குறிப்புரதங்களைச் சுரந்து மைக்ரோகிளியா, மேக்ரோபேஜ் என்னும் காவல் செல்களை வரவழைக்கிறது. வந்தவை ஈஜிஎஃப், டிஜிஎஃப்-பீட்டா, இன்டர்லியூக்கின்-6 ஆகிய குறிப்புரதங்களைப் பதிலுக்குச் சுரக்கின்றன. இன்டர்லியூக்கின்-6 புற்றுச் செல்லின் ஏற்பியில் போய் ஒட்டியதும் உள்ளே ஸ்டாட்3 புரதம் முடுக்கம் பெற்று, உட்கருவுக்குள் போய், செல் பெருகவும் சாகாமல் தப்பவும் உதவும் மரபணுக்களை இயக்குகிறது. புற்றுச் செல்லும் தன் பங்குக்கு இன்டர்லியூக்கின்-6 சுரக்கும். இதில் ஏவுவது யார், ஏவப்படுவது யார்?

அதனால் 'அழற்சிக் குறிப்பரிமாற்றம்' என்கிறேன். நீளம்தான். ஆனால் கொடுப்பதும் வாங்குவதும் அதில் இருக்கின்றன.

அப்புறம், கட்டி பக்கத்துத் திசுவுக்குள் நுழைவதைச் (invasion) சொல்ல 'படையெடுப்பு' வேண்டாம், 'ஊடுருவல்' போதும். படைக்கு முன்வரிசை உண்டு. இந்தக் கட்டிக்குத் தெளிவான விளிம்பே கிடையாது. நம் கடலோரக் கிணறுகளில் உவர் ஏறுவது மாதிரிதான் நகர்கிறது. எம்எம்பி நொதிகளைக் கொண்டு செல்களுக்கு இடையிலுள்ள தாங்குபொருளைக் கரைத்துக்கொண்டு, வெண்பொருள் இழைகளையும் இரத்தக் குழாய்களையும் ஒட்டியே போகிறது. அறுவையில் கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்த பிறகும் கட்டி திரும்ப வருவதற்கு இது முக்கியக் காரணம். 'ஊடுபரவல்' சரிப்படாது, பள்ளிப் பாடத்துச் சவ்வூடு பரவலோடு குழம்பும்.

வீட்டாருக்கான தாளில் இப்படிப் போடலாமா, பாருங்கள்:

"கட்டியின் செல்களும் மூளையின் காவல் செல்களும் தங்களுக்குள் வேதிக் குறிகளைக் கொடுத்து வாங்குகின்றன. இதுவே அழற்சிக் குறிப்பரிமாற்றம். இதனால் கட்டி வளர்கிறது, பக்கத்துத் திசுவில் ஊடுருவுகிறது. இது யாரும் செய்துவைத்ததல்ல."

கடைசி வாக்கியம் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.