யோகர் சுவாமியும் எங்கள் வீட்டுக் குழுவும்

குழு: கொழும்புத்துறை வீடு

அக்கா: பெரியம்மா, வருகிற கிழமை பங்குனி ஆயிலியம், யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமியின் குருபூசை. சின்னவள் பாடசாலையில் சுவாமியைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். 1872இல் மாவிட்டபுரத்தில் பிறந்தார், 1964இல் சமாதி என்று இரண்டு வரி எழுதிவிட்டு, "அவர் என்ன அற்புதம் செய்தவர் அம்மா?" என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

பெரியம்மா: அற்புதக் கதை ஊரில் ஆயிரம் இருக்கிறது பிள்ளை. அதை விட்டுவிட்டு நல்லூர்க் கந்தசாமி கோயில் தேரடியில் தொடங்கச் சொல்லு. அவருடைய குரு செல்லப்பா சுவாமி இல்லாமல் யோகர் சுவாமி இல்லை.

சித்தப்பா: மச்சாள் சொல்வது சரி. செல்லப்பா சுவாமியை ஊர் "விசரன்", பைத்தியம் என்றுதான் சொன்னது. கந்தல் உடுத்து, தேரடியில் இருந்து தன்பாட்டில் கதைப்பார். கிட்டப் போனவர்களுக்கு ஏச்சுத்தான் கிடைக்கும். அந்த மனிதரிடம்தான் யோகர் 1905 அளவில் போய்ச் சேர்ந்தார்.

பெரியம்மா: பானைக் கதையையும் சொல்லுங்கோ.

சித்தப்பா: ஓம். செல்லப்பா சுவாமி சோறு கறி எல்லாம் பார்த்துப் பார்த்துச் சமைப்பாராம். எல்லாம் வெந்து, மணம் எழும்பி, இனிச் சாப்பிட வேண்டியதுதான் என்கிற நேரத்தில் பானையைத் தூக்கி அடித்து உடைத்துவிடுவார்.

அக்கா: சின்னவள் கேட்கிறாள், ஏன் உடைத்தார் என்று.

பெரியம்மா: அவளிடமே கேள். காலையிலிருந்து பசியோடு பக்கத்தில் இருக்கிறாய். சோறு கண்முன்னே மண்ணில் கிடக்கிறது. நீ எழும்பிப் போவாயா, இருப்பாயா? யோகர் இருந்தவர். எனக்கு அதுதான் பெரிய அற்புதம்.

அக்கா: அவள் பேனையை வைத்துவிட்டு யோசிக்கிறாள் 🙂

சித்தப்பா: நான்கு வாக்கியத்தையும் எழுதட்டும். ஒரு பொல்லாப்புமில்லை. எப்பவோ முடிந்த காரியம். நாம் அறியோம். முழுதும் உண்மை. குருவிடமிருந்து யோகர் வாங்கி எங்களுக்குத் தந்தது இதுதான். சுவாமியின் அடியார்கள் கூடுகிற சிவதொண்டன் நிலையத்துக்குப் போகாதவர்களின் வாயிலும் இது வரும்.

தம்பி: எல்லோரும் குறை நினைக்கக் கூடாது. "எப்பவோ முடிந்த காரியம்" என்பதைச் சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? எனக்கு அந்தச் சொல்லோடு இன்னும் கோபம் இருக்கிறது.

அக்கா: என்னடா இது?

தம்பி: 1995 இடப்பெயர்வு, சண்டையில் யாழ்ப்பாணத்துச் சனம் ஊரை விட்டு வெளிக்கிட்ட நேரம். எனக்கு ஒன்பது வயது. ஐப்பசி மழை. செம்மணி வெளியில் சனம் நெருக்கி அடித்துக்கொண்டு நிற்கிறது, நாவற்குழிப் பாலம் வரைக்கும் அசையவே இல்லை. என் ஆட்டுக்குட்டியைக் கயிற்றை அவிழ்த்து வளவுக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தோம். நான் அழுதேன். அம்மம்மா என் தலையைத் தடவி "எப்பவோ முடிந்த காரியம் அப்பு" என்றார். எங்களுக்கு நடந்தது அநியாயம். அதைப் போய் எப்பவோ முடிந்தது என்றால், யாரும் எதையும் கேட்க வேண்டாம் என்றுதானே பொருள்?

சித்தப்பா: கேட்க வேண்டிய கேள்விதான் தம்பி.

பெரியம்மா: பொறு, எழுதுகிறேன். எனக்கு மெதுவாகத்தான் எழுத வரும்.

பெரியம்மா: நீ பாலத்தடியில் என் தோளிலேயே நித்திரையாகிவிட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அம்மாவிடம் ஒரு துணிப்பையில் அவித்த மாவும் சீனியும் இருந்தது. எங்களுக்கு இரண்டு நாளுக்கு என்று கட்டினது. பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒருத்தி, யாரென்றே தெரியாது, மழையில் நடுங்கிக்கொண்டு நின்றாள். அம்மா பையை அவிழ்த்து அரைவாசியைக் கொடுத்தார். நான் ஏசினேன். "எங்கட பிள்ளைகளுக்கு என்ன செய்வது?" என்று கேட்டேன். அம்மா திரும்பவும் அதே சொல்லைத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே மாவை அள்ளிக் கொடுத்தார். சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில் போய் இறங்கினதும் முதல் வேலையாகக் கல்லு மூன்று தேடி அடுப்பு மூட்டினார். சும்மா குந்தி இருக்கிறதற்கு அந்தச் சொல்லை அம்மா ஒருநாளும் சொன்னதில்லை அப்பு. பயத்தில் கை விறைத்துப்போகிற நேரத்தில்தான் சொல்லுவார். சொன்னால் கை ஓடும்.

பெரியம்மா: நடந்தது அநியாயம்தான். அதை நானும் சொல்லுவேன்.

தம்பி: அவித்த மா கதையை ஏன் பெரியம்மா இவ்வளவு காலமும் சொல்லவில்லை?

பெரியம்மா: நான் ஏசினதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே. முப்பது வருடமாக எனக்கு அது நெஞ்சில் முள்ளு.

சித்தப்பா: தம்பி, உனக்கு இன்னொன்று. நீ கிளிநொச்சியில் இருக்கிறாய். யோகர் சுவாமி இளம் வயதில் எங்கே வேலை செய்தார் தெரியுமா? உங்கள் இரணைமடுக் குளத்தில். குள வேலைக்கு ஸ்டோர் கீப்பர். சாமான் வந்த கணக்கு, போன கணக்கு, ஆணி எத்தனை, மண்வெட்டி எத்தனை என்று வருடக்கணக்காகப் பார்த்தவர்.

தம்பி: இரணைமடுவிலா? உண்மையாகவா? என் வயலுக்கு அந்தத் தண்ணீர்தான் வருகிறது.

சித்தப்பா: பிறகு வேலையை விட்டுவிட்டுத் தேரடிக்கு வந்தார். செல்லப்பா சுவாமிக்குப் பிறகு கொழும்புத்துறையில் இலுப்பை மரத்துக்குக் கீழே பல காலம். அப்புறம்தான் அந்தக் குடில். உட்கார்ந்து புத்தகம் எழுதியவர் இல்லை. பாட்டு வந்தபோது பக்கத்தில் இருந்தவர்கள் எழுதி வைத்தார்கள், அதுதான் நற்சிந்தனை. 1935இல் "சிவதொண்டன்" இதழ் தொடங்கியது. தொண்டு என்கிற சொல்லைப் பெயரிலேயே வைத்தவர் சும்மா இருக்கச் சொல்லியிருப்பாரா? 1949இல் ஓர் அமெரிக்க இளைஞருக்குத் தீட்சை கொடுத்தார். அவர்தான் பின்னாளில் ஹவாயில் ஆதீனம் அமைத்த சுப்பிரமுனியசுவாமி.

அக்கா: பெரியம்மா, நீங்கள் சுவாமியை நேரில் பார்த்தீர்கள்தானே? அதையும் அவள் எழுத வேண்டுமாம்.

பெரியம்மா: ஒரு தடவைதான். 1963ஆக இருக்க வேண்டும், எனக்குப் பத்து வயது. ஐயா விடியப்புறம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். சுவாமிக்கு அதற்கு முன்பே இடுப்பெலும்பு முறிந்து, சக்கர நாற்காலியில் இருந்தார். குடிலுக்குள் கற்பூர மணம். தாழ்வான கூரை. வெள்ளைத் தாடி, வெள்ளை வேட்டி. பெரிய ஆட்கள் எல்லோரும் பயந்து பயந்து இருந்தார்கள். எனக்கு ஒரு கதலிப்பழம் கிடைத்தது. அவர் ஒன்றும் கதைக்கவில்லை, நான் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாயின் ஓரம் பிய்ந்திருந்தது. அது ஏனோ இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அடுத்த பங்குனியில் சுவாமி போய்விட்டார்.

அக்கா: பழத்தைச் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள்.

பெரியம்மா: வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா ஏழு துண்டாக வெட்டி எல்லோருக்கும் கொடுத்தார்.

அக்கா: அவள் எழுதத் தொடங்கிவிட்டாள். பானையில் தொடங்கி அம்மம்மாவின் மாப் பையில் வந்து நிற்கிறதாம். தம்பி, உன்னுடைய ஆட்டுக்குட்டியையும் சேர்க்கலாமா என்று கேட்கிறாள்.

தம்பி: சேர்க்கட்டும்.

தம்பி: பெரியம்மா, காலபோக அறுவடை முடிந்துவிட்டது. குருபூசை அன்றைக்கு மகேஸ்வர பூசை அன்னதானத்துக்கு அரிசி என்னுடையதாக இருக்கட்டும். ஆட்டக்காரி, புழுங்கல்தான். ஐம்பது கிலோ காணுமா?

பெரியம்மா: காணும் அப்பு. கல்லுப் பார்த்துக் கட்டு. ஆயிலியத்துக்கு முதல் நாள் பஸ்ஸில் போட்டுவிட்டு எனக்கு அழைப்பெடு, நான் போய் இறக்குகிறேன்.

தம்பி: பஸ்ஸில் வேண்டாம். நானே கொண்டு வருகிறேன்.