காந்தி ஜெயந்திக் கூட்டுப் பாடல்: எந்தக் கட்டையில் (சுருதி உயரத்தில்) வைப்பது?

காந்திக்குப் பிடித்த குஜராத்தி பஜனையான வைஷ்ணவ ஜனதோவைக் குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து பாடினால் சுருதி ஒட்டவே மாட்டேன் என்கிறது. அக்டோபர் 2, மதுரையில் தெரு வாசிப்பு நிகழ்ச்சி. அரசு விடுமுறை, நூலகம் மூடியிருக்கும். அதனால் ஒரு வீட்டு முற்றம். 8 முதல் 11 வயதுக் குழந்தைகள் 20 பேர், ஆண்கள் 6 பேர். ஹார்மோனியம் உண்டு, மைக் கிடையாது.

1 கட்டையில் ஆண்களுக்குச் சுகம். குழந்தைகளின் கீழ் ஸ்வரங்கள் வெறும் காற்றாகிவிடுகின்றன. 5 கட்டையில் குழந்தைகள் கணீர். ஆண்கள் மேல் ஷட்ஜமத்தில் (மேல் ஸ) கத்துகிறார்கள், ஒரு ஸ்தாயி (ஸ முதல் அடுத்த ஸ வரையுள்ள அளவு) இறங்கினால் முனகல். இரண்டரையில் இரு தரப்புமே அரைகுறை. சரணங்களைப் பிரித்துக் கொடுத்தும் பல்லவியில் சேரும்போது அதே கதை. கரோக்கி வேண்டாம்: அந்த வேகத்தில் குஜராத்திச் சொற்களை விழுங்கிவிடுகிறார்கள்.

வாசிப்பில் சிக்கல் இல்லை. சத்திய சோதனையில் காந்தி தன் திருட்டை எழுதி அப்பாவிடம் நீட்டும் அத்தியாயம். சின்னது, அப்பாவின் கண்ணீரை அகிம்சைப் பாடம் என்று அவர் சொல்லுமிடத்தில் வாண்டுகள்கூட அசைவதில்லை. பாட்டு அதை ஒட்டியே வருகிறது.

குழந்தைகளோடு பாடிப் பழகியவர்களே: முழுப் பாட்டையும் நாலரைக் கட்டையில் குழந்தைகளிடம் விட்டு, ஆண்களை வெறும் ஷட்ஜ பஞ்சமத்தில் (ஸ, ப என்ற இரு ஸ்வரங்களில்) நிறுத்தினால் மைக் இல்லாமல் எடுபடுமா?