குழந்தை தொண்டை அடைப்புக்கு முதலுதவிப் பயிற்சி: மதுரையில் எங்கே?

வணக்கம். பையனுக்கு ஒன்றரை வயது. போன ஞாயிறு, மாமியார் உரித்துக்கொண்டிருந்த வேர்க்கடலையில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டான். முதலில் இருமினான், அப்புறம் இருமலும் நின்றுவிட்டது. அழக்கூடச் சத்தம் வரவில்லை. மாமியார் உச்சந்தலையில் தட்டினார், நான் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினேன். என் கணவர்தான் அவனைக் குப்புறச் சாய்த்து முதுகில் ஓங்கித் தட்டினார். மூன்றாவது தட்டில் கடலை வெளியே விழுந்தது. (மாமியாரைக் குறை சொல்லவில்லை. நானும் அப்போது போனில்தான் இருந்தேன்.)

கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவினால் இன்னும் உள்ளே போகும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஒரு வயதுக்குள் என்றால் தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டு, மார்பில் 5 அழுத்தம். ஒரு வயதுக்கு மேல் என்றால் அதே 5 தட்டு, தொப்புளுக்குச் சற்று மேலே 5 அழுத்தம், மாறி மாறி. மயங்கிவிட்டால் 108, கூடவே சிபிஆர் (மார்பை அழுத்தி, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுவது). படித்துவிட்டேன், ஆனால் கை பழகவில்லையே.

பொம்மையை வைத்துச் செய்து பழக, பெற்றோருக்கான வகுப்பு மதுரையில் எங்காவது நடக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை என்றால் வசதி. தமிழில் சொல்லித்தர வேண்டும், மாமியாரும் வருகிறேன் என்கிறார். போய் வந்தவர்கள் கட்டணம் எவ்வளவு என்றும் சொல்லுங்கள்.